காஷே வொர்குவின் பூஜ்யம்

காஷே வொர்குவுக்குப் பூஜ்யம் வந்தது.

குடியேற்ற வாரியத்தின் வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவருக்கு முப்பத்தொன்று, கிழக்குச் சரிவு என்று வந்தது. பின்னால் நின்ற அம்மாளுக்குப் பதினெட்டு, ஆற்றங்கரை. இரண்டு பேரும் பச்சை அட்டையை வாங்கிப் பத்திரமாகச் செருகிக்கொண்டு போய்விட்டார்கள். காஷே வொர்கு மட்டும், பத்து நிமிடம் மைக் முன்னால் உட்கார்ந்து, தன் பழைய லாரி மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன கதையை ரசித்து ரசித்துச் சொல்லிவிட்டு, இயந்திரம் நீட்டிய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். எண் என்ற இடத்தில் பூஜ்யம். திசை என்ற இடத்தில் ஒரு கோடு. கீழே சிவப்பில் ஒரு வரி: பூர்வீகம் புலப்படவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

அவர் சண்டை போடவில்லை. சண்டை போடுகிற ஆளாக இருந்தால் எழுபத்திரண்டு வயது வரை வந்திருக்கவே மாட்டார். சீட்டை எடுத்துக்கொண்டு அதே கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு, பியூலாவின் அறைக்கு ஏறி வந்தார்.

"லிஜே," என்றார், "ஒம் மெஷினு என்னைய ஆருமில்லேங்குது."

லிஜே என்றால் என் பிள்ளை என்று அர்த்தம். ஐம்பத்தொரு வயதுப் பெண்ணைப் பிள்ளை என்று கூப்பிட அடிஸ் அபாபாவில் அவர் ஒருவர்தான் மிச்சம். அவரை அவள் காஷே என்பாள். அது நம் ஊர் அண்ணாச்சிக்குச் சமம். பியூலாவின் அப்பா தங்கதுரை வாத்தியார், நாசரேத்திலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்க எத்தியோப்பியாவின் டெஸ்ஸி நகரத்துக்கு வந்தவர். நாலு வயதில் வந்த பியூலாவுக்குத் தெருவில் அம்ஹாரிக், வீட்டில் நாசரேத் தமிழ். அதனால் அவளுக்கு ஒரு விசித்திரம் உண்டு. மனதுக்கு நெருங்கியவர்கள் அம்ஹாரிக் பேசினால் அவள் காதில் அது நாசரேத் தமிழாகவே விழும். அதிகாரிகள் பேசினால் தொலைக்காட்சிச் செய்தித் தமிழாக விழும். இந்தக் கதையில் எத்தியோப்பியர்கள் இப்படிப் பேசுவதற்குக் காரணம் அதுதான்.

அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். இயந்திரத்தைச் செய்தவளே அவள்தான். பத்து வருடத்தில் அது யாருக்கும் பூஜ்யம் கொடுத்ததில்லை. கொடுக்க முடியும் என்றுகூட அவள் நினைத்ததில்லை. மைக் கெட்டிருக்கும் என்றாள். வேறு மைக்கில் பேசவைத்தாள். பூஜ்யம். சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். மூன்றாவது தடவையும் லாரியின் பிரேக் போயிற்று, மூன்றாவது தடவையும் பூஜ்யம்தான் வந்தது.

"யெஷிக்கு என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார் காஷே வொர்கு.

யெஷி அவர் மனைவி. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு மேல் எதுவும் தெரியாதவள். கலவர வருடங்களில் அம்பாகெர் மலைச்சரிவிலிருந்து ஓடிவந்த குடும்பங்களைத் திருப்பிக் குடியேற்ற ஒரு வாரியம் அமைத்திருந்தார்கள்; போன மாதத் தொகுதியில் அவளுக்கு அட்டை கிடைத்துவிட்டது. போகாவிட்டால் வீடு கைமாறிவிடும் என்றார்கள். நீ முன்னால் போ, ஒரு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று காஷே வொர்கு அவளைப் பஸ் ஏற்றிவிட்டார். அங்கே அவள் தங்கை வீட்டோடு இருக்கிறாள். புருஷன், பெண்டாட்டி யாராக இருந்தாலும் ஆளுக்கு ஆள் தனிச் சோதனை, தனி அட்டை. அட்டை இல்லாமல் ஆற்றுப் பாலத்தைத் தாண்ட முடியாது. நாற்பத்தொரு வருடம் ஒன்றாக இருந்தவர்களுக்கு நடுவில் இப்போது ஒரு பூஜ்யம் உட்கார்ந்திருந்தது.

இயந்திரத்துக்குச் 'செவி' என்று பெயர். அதை அவள் செய்தது பாலத்தில் ஆளை நிறுத்துவதற்காக அல்ல, அருங்காட்சியகத்துக்காக. இரண்டாயிரம் வருடத்தில் அம்ஹாரிக் நிறையத் தொலைத்திருக்கிறது. அடித்தொண்டையிலிருந்து வந்த பழைய ஒலிகள் போய்விட்டன. எழுத்தில் 'ஹ'வுக்கு இன்னும் மூன்று நான்கு வடிவம் இருக்கிறது, வாயில் ஒன்றுதான். பல்லைத் தொட்ட ஒலிகள் பல இடத்தில் இளகிவிட்டன. நாம் படித்தேன் என்று எழுதிவிட்டுப் படிச்சேன் என்கிறோமே, ஐந்து என்று எழுதிவிட்டு அஞ்சு என்கிறோமே, அந்த வேலைதான். ஆனால் எல்லா மலையிலும் ஒரே மாதிரி இளகவில்லை. அகௌ மொழி பேசியவர்கள் அதை விட்டுவிட்டு அம்ஹாரிக்குக்கு மாறிய இடத்தில் ஒரு தினுசு, ஓரோமோ பேசியவர்கள் மாறிய இடத்தில் இன்னொரு தினுசு. மொழியை விட்டவர்கள் அதன் தழும்பை நாக்கில் வைத்துக்கொண்டுதான் விட்டார்கள் என்பது பியூலாவின் கட்சி. அந்தத் தழும்பைக் கேட்டு, உன் முன்னோர் எந்தச் சரிவில் இருந்தார்கள் என்று செவி சொல்லும். பள்ளிப் பிள்ளைகள் வந்து பேசிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். பிறகு கலவரத்தில் நிலப் பதிவேடுகள் எரிந்தன. யார் எந்த ஊர் என்பதற்குக் காகிதம் இல்லாமல் போனபோது, வாரியத்தில் யாருக்கோ அருங்காட்சியகத்து விளையாட்டு ஞாபகம் வந்தது. அறுபத்தோராயிரம் பேர் செவி சொன்ன இடத்துக்குப் போய்க் குடியேறினார்கள். பியூலா அப்போது வேண்டாம் என்று சொல்லவில்லை. பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் காலை அவள் பழைய ஒலிக்கோப்புகளைத் திறந்து உட்கார்ந்தாள். செவி படித்து வளர்ந்த பாடம் அவைதான்: நானூற்றுப் பன்னிரண்டு கிராமங்கள், கிராமத்துக்கு ஒரு கோப்பு. முதல் கோப்பைப் போட்டாள். கோழி கூவியது, காப்பிக்கொட்டை வறுபடும் சத்தம் கேட்டது, அதன்பின் கணீரென்று ஒரு குரல்.

மழை தப்பாமல் பெய்யட்டும், என்றது குரல். அமேன், என்றது ஊர். வயல் நிறையட்டும். அமேன். போனவர்கள் திரும்பி வரட்டும். அமேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காஷே வொர்குதான். அந்த நாட்டில் நாலு பேர் கூடிக் காப்பி குடிக்க உட்கார்ந்தால், கூட்டத்தில் மூத்தவர் ஆசீர்வாதம் சொல்லாமல் எதுவும் தொடங்காது. ஒலிப்பதிவுக்குப் போன கோஷ்டியில் இருந்தவர்கள் பியூலா, ஒரு ஆராய்ச்சி மாணவி, ஜீப் ஓட்டிய காஷே வொர்கு. மூத்தவர் ஓட்டுநர்தான். மைக்கை நீட்டினால் ஊர்ப் பெரியவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். முதலில் விருந்தாளியில் பெரியவர் சொல்லட்டும் என்பார்கள். அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு நிமிடம் சொல்வார். அதற்குப் பிறகுதான் ஊர் பேசும்.

இரண்டாவது கோப்பிலும் மழை தப்பாமல் பெய்தது. பத்தாவதிலும் பெய்தது. முப்பதாவது கோப்பில் பியூலாவின் சிரிப்பு நின்றது.

அவள் செவிக்குச் சொல்லிக்கொடுத்திருந்த விதி எளிமையானது. எல்லாக் கிராமத்திலும் பொதுவாக இருப்பது எதுவோ அதை மொழியின் மூலம் என்று வைத்துக்கொள்; அதிலிருந்து ஒவ்வொரு ஊரும் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று பார். செவி கீழ்ப்படிந்த பிள்ளை. எல்லாக் கோப்பிலும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், காஷே வொர்குவின் குரல். ஆக, இரண்டாயிரம் வருடத்து அம்ஹாரிக்கின் மூலம் என்று செவி நினைத்துக்கொண்டிருந்தது ஒரு லாரி ஓட்டுநரின் நாக்கை. அறுபத்தோராயிரம் அட்டைகளும் சொன்னது இதைத்தான்: நீ காஷே வொர்குவிடமிருந்து இத்தனை தூரத்தில் இருக்கிறாய். அவர் அவரிடமிருந்து எத்தனை தூரம்? பூஜ்யம்.

அந்த இரண்டு நிமிடத்தை வெட்டியெறிய ஒரு நொடி போதும். அன்றைக்கு மாணவி அதைத்தான் கேட்டாள். பியூலாவே தடுத்தாள். சோற்றுப்பானையை இறக்குவதற்குக்கூட ஒரு சின்ன ஜெபம் சொல்லும் வீட்டில் வளர்ந்தவள். ஆசீர்வாதத்தில் கத்தியை வைக்காதே, விளங்காது என்று சொல்லியிருந்தாள். சொன்ன இடம், உட்கார்ந்திருந்த நாற்காலி எல்லாம் இப்போது ஞாபகத்துக்கு வந்தது. யார் மேலும் பழி போட வழியில்லை.

சாயங்காலம் காஷே வொர்கு தங்கியிருந்த ஒற்றை அறைக்குப் போனாள். அவர் காப்பி வறுத்தார். மூன்று சுற்று குடிக்காமல் அந்த ஊரில் யாரையும் அனுப்பமாட்டார்கள். முதல் சுற்றில் நடந்ததைச் சொன்னாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் நாட்டுக்கே தன் பேச்சு அளவுகோல் என்ற பாதி நன்றாகப் புரிந்தது. வாய்விட்டுச் சிரித்தார். இரண்டாவது சுற்றில்தான் பியூலா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"காஷே, ஒங்க சொந்த ஊரு எது?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. நானூற்றுப் பன்னிரண்டு ஊரில் கண்டவர்களையெல்லாம் கேட்ட கேள்வி. பக்கத்து இருக்கையில் பத்தொன்பது வருடம் வண்டி ஓட்டியவரை ஒருநாளும் கேட்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவர் ஜாடியைக் கழுவி மறுபடி அடுப்பில் வைத்தார்.

"எனக்கு அப்ப ஆறு வயசு. பஞ்சம். எங்கம்மை என்னையக் கூட்டிக்கிட்டு நடந்தா. பாதி வழியில உக்காந்தவ எந்திரிக்கல. அம்பாகெர்ல ஒரு மனுசன் என்னையத் தூக்கிட்டுப் போனாரு. தேன்ல பெருவிரலை முக்கி எம் வாயில வச்சாரு. சப்பினேன். அதான் எங்க சட்டம், விரலைச் சப்பிட்டா அவரு பிள்ளைதான், பெத்த பிள்ளைக்கும் நமக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. இன்னையிலேர்ந்து அந்தப் பழைய பேச்சு வேண்டாம்னாரு. அதோட அதை விட்டுட்டேன்."

எந்தப் பேச்சு என்று கேட்டாள். அகௌ மொழிகளில் ஒன்று என்பதற்கு மேல் அவருக்கே தெரியவில்லை. ஊர்ப் பெயர்கூட ஞாபகம் இல்லை. அதற்கப்புறம் பன்னிரண்டு வயதில் லாரி ஏறியவர். செங்கடல் துறைமுகத்திலிருந்து தெற்கே காப்பிக் காடு வரை ஓட்டி, அஃபார்க்காரனோடு டீ குடித்து, திக்ரின்யாக்காரனோடு சண்டை போட்டு, ஓரோமோக்காரனிடம் பாட்டுக் கற்றுக்கொண்டு வந்த நாக்கு அது. அதில் 'க' பாதி 'ஹ'வாகிவிடும், சொல்லின் வால் விழுங்கப்படும், இளகவேண்டாத இடத்தில்கூட ஒலி இளகும்.

"அந்தப் பேச்சு கொஞ்சமாவது ஞாபகம் இருக்கா?"

"யோசிச்சா ஒண்ணும் வரமாட்டேங்குது, லிஜே."

"யெஷி அக்காவுக்குத் தெரியுமா?"

"கட்டும்போது சொல்லல. அப்பறம் சொல்லதுக்குன்னு ஒரு நேரம் வரல." மூன்றாவது சுற்றை ஊற்றினார். "இப்பச் சொன்னா, இவ்வளவு நாளும் ஏமாத்திட்டீயளேம்பா."

வீடு திரும்பும்போது பியூலாவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. செவி பொய்யா? முழுப் பொய் என்று சொல்ல முடியவில்லை. விலகலை அது சரியாகத்தான் அளந்திருந்தது. எதிலிருந்து அளந்தது என்பதில்தான் கோளாறு. அப்படியானால் சரியான மூலம் எங்கே இருக்கிறது? ஆசீர்வாதத்தை வெட்டிவிட்டுச் செவியை மறுபடி படிக்கவைத்துப் பார்த்தாள். இரண்டு நாள் கழித்து அது தந்த பதில் இன்னும் மோசம். ஒவ்வொருவர் நாக்கிலும் மூன்று நான்கு சரிவு கலந்து கிடந்தது. யாரையும் ஓர் ஊருக்கென்று சொல்ல அது மறுத்துவிட்டது. அதில் அவள் தேடிய மூலம் இல்லவே இல்லை. இருபது வருடம் கட்டிய கட்சி கையிலேயே உதிர்ந்ததில் அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

வெள்ளிக்கிழமை வாரியத் தலைவியைப் பார்க்கப் போனாள். வெய்சரோ ஹிருத், அதாவது ஹிருத் அம்மையார், முன்னாள் நீதிபதி. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார். பியூலா சொன்னதை முழுக்கக் கேட்டார். கடைசியில் கேட்டது இதுதான்: "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

பியூலாவுக்கும் காஷே வொர்குவுக்கும் மட்டும்.

"அம்பாகெர் பக்கம் கிணற்றடியில் கடைசியாகக் கொலை நடந்து எத்தனை மாதம் ஆகிறது, தெரியுமா?"

"பதினாலு."

"அட்டை உண்மை என்பதால் நின்றது என்று நினைக்கிறீர்களா? அட்டையை எந்தக் கட்சிக்காரனும் எழுதவில்லை என்பதால் நின்றது. எல்லாரும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள், அதே மைக்கில் பேசினார்கள். அதனால் ஒப்புக்கொண்டார்கள். இப்போது நீங்கள் போய் அது தப்பு என்று சொன்னால், அறுபத்தோராயிரம் பேரில் யாரை முதலில் வீட்டைவிட்டு எழுந்திருக்கச் சொல்வீர்கள்?"

பியூலாவுக்கு உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாது என்றும் தோன்றியது. சொன்னால் யெஷியின் அட்டையும் செல்லாது என்பதும் தெரிந்தது. ஒரு நிமிடம் அவள் எதற்காக வந்தோம் என்பதையே மறந்துவிட்டாள். பிறகு, வொர்கு தன் மனைவியிடம் போகவேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

ஹிருத் மேசைமேல் விரலால் ஒரு வட்டம் போட்டார். "பூஜ்யம் என்றால் பூர்வீகம் இல்லை என்று நாம்தான் எழுதிவைத்தோம். எல்லாப் பூர்வீகத்துக்கும் நடுவில் இருப்பவர் என்று ஏன் எழுதக்கூடாது? பூஜ்யம் உள்ளவர் எந்தச் சரிவுக்கும் போகலாம். அவர் ஒருவர்தானே. யாருக்கு நஷ்டம்?"

யாருக்கும் நஷ்டமில்லை என்றே பியூலாவுக்கும் பட்டது. தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அந்தத் தலையாட்டலை அப்புறம் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துக்கொண்டாள்.

விதியை மாற்ற ஒரு நாள் போதும். காஷே வொர்குவின் அட்டைக்குக் கையெழுத்து வாங்க எட்டு மாதம் ஆயிற்று. நிராகரித்த கோப்பை மறுபடி திறக்க ஒரு குழு, அந்தக் குழுவுக்கு ஒரு உத்தரவு என்று வாரியம் வாரியமாகவே நடந்துகொண்டது. ஞாயிறுதோறும் கோயில் முடிந்து காஷே வொர்கு யெஷிக்குப் போன் செய்வார், அடுத்த வாரம் வந்துடுவேன் என்பார். அவளும் நம்பினாள்.

ஆனால் விதி வந்துவிட்ட சேதி கையெழுத்துக்கு முன்னாலேயே கசிந்துவிட்டது. பூஜ்யம் வாங்கினால் எங்கு வேண்டுமானாலும் போகலாமாம் என்று வரிசையில் பேச்சு அடிபட்டது. பூஜ்யம் வாங்குவது எப்படி? சோதனைக் கூடத்துக் குமாஸ்தா ஒருவன், மைக் சரிபார்ப்பதற்கென்று வைத்திருந்த பழைய ஒலிப்பதிவில் பூஜ்யம் வாங்கியவரின் குரலை அடையாளம் கண்டு, அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு போனான். மழை தப்பாமல் பெய்யட்டும். இரண்டு நிமிடம்தான். ஒரே மாதத்தில் அது பஸ் நிலையம் முழுக்கப் பரவிவிட்டது. பாலத்தை ஒட்டிய சந்தையில் தகரக் கொட்டகை போட்டுப் 'பூஜ்யப் பேச்சு' சொல்லிக்கொடுத்தார்கள். ஐம்பது வயது ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து 'க'வைப் பாதி 'ஹ'வாக்கப் பழகினார்கள். சொல்லின் வாலை விழுங்கினார்கள். செவியின் எண்கள் முப்பதிலிருந்து இருபது, இருபதிலிருந்து எட்டு என்று இறங்கின. சித்திரையில் இரண்டாவது பூஜ்யம் வந்தது. ஆடிக்குள் நாளொன்றுக்கு நூறு. புது விண்ணப்பம் என்பதால் அவர்களுக்கு அட்டை அன்றைக்கே கிடைத்தது.

பியூலா முதலில் சிரித்தாள், பிறகு பயந்தாள், பிறகு எது என்றே தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் ஒலி மாற்றம் என்று படிக்கும்போது யாரோ சோம்பேறித்தனமாக நாக்கை அசைத்ததால் வந்தது போல் இருக்கும். கண்ணெதிரே பார்த்தால் அப்படி இல்லை. ஒவ்வொருவனும் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காகத்தான் வாயை மாற்றிக்கொண்டான். அந்தக் காலத்தில் அடித்தொண்டை ஒலியை விட்டவனும் இப்படி ஏதாவது ஒரு பாலத்துக்கு முன்னால் நின்றிருப்பானோ என்று அவளுக்குத் தோன்றியது. நிரூபிக்க அவளிடம் எதுவும் இல்லை. ஒருநாள் தொலைக்காட்சியில் ஹிருத் பேட்டி கொடுத்தார். மூன்றாவது வாக்கியத்தில் அவருடைய 'க'வும் இளகியது. அவருக்கே அது தெரிந்த மாதிரி இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் யெஷி, "இங்கன தண்ணி லாரிக்காரன் ஒங்கள மாதிரியே பேசுதான்," என்றாளாம். காஷே வொர்கு அதைப் பெருமையாக வந்து சொன்னார். அடுத்த மாதம் அவள், "காலையில ஒருத்தரு கதவத் தட்டி அம்மா தண்ணின்னாரு, நீங்கதான்னு ஓடிப்போயி விழுந்துட்டேன்," என்றபோது அவர் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. முழங்காலில் அடியாம்.

புரட்டாசியில் அட்டை வந்தது. அவர்களுடைய புது வருடம் பிறந்து மேடெல்லாம் மஞ்சள் பூவாக இருந்தது. பியூலாவும் வாரியத்தின் அனுமதிச் சீட்டோடு கூடவே பஸ்ஸில் போனாள். வண்டியில் அவளைத் தவிர நாற்பத்தெட்டுப் பேர், நாற்பத்தெட்டும் பூஜ்யம். இத்தனை வருடமும் வண்டியைத் தான் ஓட்டியே பழகிய காஷே வொர்கு ஜன்னலோரம் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிப்பதுபோல் காலை அழுத்திக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர் செருமல். திரும்பிப் பார்த்தால் முப்பது வயதுக்காரன் ஒருவன்.

பிற்பகலில் அம்பாகெர் வந்தது. இறங்கும் இடத்தில் அழைத்துப்போக வந்தவர்கள் கூட்டம். கல் ஒன்றின்மேல் கம்பை ஊன்றிக்கொண்டு யெஷி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு முகத்தை மட்டும் சத்தம் வந்த பக்கம் நீட்டியிருந்தாள்.

இறங்கியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிட ஆரம்பித்தார்கள். அண்ணனை, மகளை, பெண்டாட்டியை. எல்லாக் குரலிலும் 'க' இளகியது, எல்லாச் சொல்லுக்கும் வால் இல்லை. அந்த ஊரில் யெஷிகளுக்கும் பஞ்சமில்லை. பியூலா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் இடப்பக்கம் திரும்பி எழுந்தாள். அங்கே எவனோ தன் யெஷியைக் கட்டிக்கொண்டிருந்தான். வலப்பக்கம் திரும்பினாள். பிறகு எந்தப் பக்கமும் திரும்பாமல் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காஷே வொர்கு அவள் முன்னால் போய் நின்றார். "யெஷி, நான்தான்."

"ஆமா," என்றாள் அவள். "காலையிலேர்ந்து நீரு நாலாவது ஆளு. போயி ஒம்ம வீட்டைத் தேடும்."

அவர் கையைத் தொடப் போனார். அவள் கம்பைக் குறுக்கே வைத்தாள். கண் தெரியாதவளிடம் விளையாடாதே என்று அவள் தங்கை கூட்டத்தின் பின்னாலிருந்து, ஆள் முகம் தெரியாமலே கத்தினாள். அவர் தடுமாறினார். பிறகு, வேறு வழி தெரியாமல், ஆசீர்வாதத்தைத் தொடங்கினார். மழை தப்பாமல் பெய்யட்டும் என்பதற்குள் பின்னாலிருந்து பத்துப் பேர் பழக்கதோஷத்தில் வயல் நிறையட்டும் என்று முடித்துவைத்தார்கள், அச்சு அசலாக அதே குரலில். யெஷியின் முகம் இறுகியது. பியூலா தானே போய்ச் சொல்லலாம் என்று ஓரடி வைத்தாள். பத்தொன்பது வருடத்தில் தன்னை யெஷி நாலைந்து தடவைதான் சந்தித்திருக்கிறாள், தன் பேச்சிலும்கூட இவர் பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது, நான் பியூலா என்றால் எதற்கு நம்புவாள் என்று தோன்றி நின்றுவிட்டாள்.

காஷே வொர்கு வாயை மூடிக்கொண்டார். எழுபத்திரண்டு வயதில் ஊரெல்லாம் தன் குரலாக நிற்கும்போது அவரிடம் மிச்சம் ஒரு குரலும் இல்லை. அவர் குனிந்து அவள் காதருகில் ஏதோ சொன்னார்.

அது அம்ஹாரிக் இல்லை. இரண்டு குறுகிய சத்தம், பிறகு நீளமாக ஒன்று, மாட்டைத் தொழுவத்துக்கு அழைக்கிற மாதிரி. அதன் பின்னால் ஒரு சின்னக் கேள்வி. கடைசிச் சொல்லில் அடித்தொண்டையிலிருந்து ஓர் ஒலி வந்தது. பக்கத்தில் நின்ற பியூலாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. குரலும் அவருடையதாக இல்லை. ஆறு வயதுப் பிள்ளை பேசுவதுபோல் இருந்தது. சொல்லி முடித்ததும் அவரே திகைத்துப்போய்த் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

யெஷி கம்பைக் கீழே போட்டாள்.

"வந்துட்டீயளா," என்றாள். இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "நாப்பத்தோரு வருசமா தூக்கத்துல இதத்தான சொல்லுதிய. என்ன அர்த்தம்னு கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். நீங்களா சொல்லுவியன்னு விட்டுட்டேன்."

காஷே வொர்கு அழுகையும் சிரிப்புமாக அதன் அர்த்தத்தைச் சொல்ல வாயெடுத்தார். யெஷி அவர் வாயைக் கையால் பொத்தினாள். சுற்றிலும் நாற்பத்தேழு பேர் சத்தமடக்கி, காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தது கண் தெரியாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இங்கன வேண்டாம், வீட்டுக்கு வந்து சொல்லுங்க," என்றாள். "இவனுவ இதையும் படிச்சிருவானுவ."